எண்ணிப் பார்த்த பிறகே மருந்து

மாணவர்களே, செம்பனை ஓலையின் அடியில் காய்ந்த இலைத் துணுக்குகளால் ஆன சிறுசிறு பைகள் தொங்குவதைப் பார்த்ததுண்டா? அவை குப்பையல்ல. ஒவ்வொரு பையும் ஒரு புழுவின் வீடு. மலாயில் இதனை 'உலாட் புங்குஸ்' என்பர். தமிழில் பைப்புழு எனலாம். கம்போங் மேடானில் வசிக்கும் உங்களில் பலரின் தாத்தா பாட்டி தோட்டப்புறத்தில் வேலை செய்தவர்களாக இருக்கலாம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இப்புழுக்கள் இலையில் 10 விழுக்காட்டைத் தின்றாலே, அடுத்த ஈராண்டுகளில் விளைச்சல் 30 முதல் 40 விழுக்காடு வரை குறையக்கூடும். 2013இல் அரசாங்கம் இதனை ஆபத்தான பீடையாக அறிவித்தது.

அப்படியானால் உடனே மருந்து தெளிக்கலாமே? கூடாது. முதலில் எண்ண வேண்டும். எல்லா மரங்களையும் பார்க்க முடியாது. ஆகவே, ஒவ்வொரு பத்தாவது வரிசையிலும் ஒவ்வொரு பத்தாவது மரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, நூற்றுக்கு ஒரு மரம். அதன் நடு அடுக்கிலிருந்து ஒரு மட்டையை வெட்டி, உயிருள்ள புழுக்களை மட்டும் எண்ணுவார்கள். காலிப் பைகள் கணக்கில் சேரா.

'மெட்டிசா பிளானா' என்ற வகைக்கு எல்லைக்கோடு மட்டைக்கு 10 புழுக்கள். 10 மட்டைகளில் 60 புழுக்கள் இருந்தால் சராசரி 6, காத்திருக்கலாம். 140 இருந்தால் சராசரி 14, செயல்பட வேண்டும். புழுவின் வயதும் முக்கியம். பேசிலஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. அப்போது தெளித்தால் பணம்தான் வீண்.

எண்ணாமல் தெளித்ததன் விளைவை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. 1950களின் பிற்பகுதியில், நெடுநாள் நிலைக்கும் நஞ்சுகள் தோட்டங்களில் தெளிக்கப்பட்டன. பைக்குள் இருந்த புழுக்கள் பல தப்பின. அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளோ மடிந்தன. புழுக்கள் பெருகின. பூச்சியியல் அறிஞர் பிரையன் வூட் இதைக் கண்டறிந்து, 1968இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இன்று அக்குளவிகளுக்குத் தேன் கிடைக்கவே தோட்டச் சாலையோரங்களில் டர்னெரா பூச்செடிகளை நடுகிறார்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறதா? வாரம் ஒருமுறை 10 இணுக்குகளில் புழுக்களை எண்ணிக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா? குறைந்தால், எந்தப் பறவை அல்லது பூச்சி உங்களுக்கு உதவியது என்று தேடுங்கள்.