கடை மேனேஜர்கள் ஏன் நிலைப்பதில்லை?

விழுப்புரம், திண்டிவனம் மொத்த வியாபாரிகள் இருவர் சந்தித்தால், விலைவாசிக்கு அடுத்த பேச்சு, "உங்க மேனேஜர் இருக்கிறாரா, போய்விட்டாரா?" என்பதாகத்தான் இருக்கிறது. மூட்டை இறக்கும் ஆள் நின்றுவிட்டால் வேறு ஆள் கிடைப்பார். மேனேஜர் போனால் அப்படியல்ல. செஞ்சி, மயிலம், மரக்காணம் லைனில் எந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் பணம் தருவார், யாருக்கு எவ்வளவு பாக்கி விடலாம் என்பதெல்லாம் பேரேட்டில் இராது. அவர் தலையில்தான் இருக்கும்.

சம்பளம் போதவில்லை, போய்விட்டார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதுவும் காரணம்தான். ஆனால் அவர் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். முன்பு கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு ஒன்றுதான் வேலை. இன்று மணிலா, உளுந்து வரத்துக் காலத்தில் விடியற்காலை லாரி வந்தாலும் அவர்தான் வரவேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாதக் கணக்கு தாக்கல் செய்யும் கடைகளில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் அவருக்குத் தூக்கமில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் பதில் சொல்பவரும் அவரே. வசூல் குறைந்தால் முதலாளி அவரைக் கேட்கிறார். லீவு வேண்டுமென்று பையன்களும் அவரைத்தான் கேட்கிறார்கள். முடிவு சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. 2021-ல் உட்கார இருக்கையும் தரவேண்டுமெனத் திருத்தினார்கள். பலரும் கவனிக்காதது அதன் 4-வது பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவருக்கு இச்சட்டம் பொருந்தாது. பில் போடும் பையனுக்கு உள்ள நேரக் கணக்கு, அவனை மேற்பார்க்கும் மேனேஜருக்கு இல்லை. (எல்லோருக்கும் மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டால் தப்பலாம் என எண்ண வேண்டாம். பெயரையல்ல, செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள்.) பணிக்கொடை மட்டும் வேறு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் 5 ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் உண்டு; மேனேஜரும் இதில் சேர்த்தி.

ஆகவே அவருடைய நேரத்துக்கு வரம்பு கட்ட வேண்டியவர் முதலாளிதான். இத்தனை ரூபாய் வரை கடன் தர அவரே முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு பையன்கள் எதிரில் அதை மாற்றக்கூடாது. நம்மவர்களில் பலருக்கு இது கசக்கும். இரவு கடை பூட்டிய பின் போன் செய்வதையும் விடவேண்டும்.

வாரம் ஒரு நாள் சாவியை இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும். அவர் கடை நடத்த வேண்டுமானால் லைன்வாரியாகக் கடன் விவரம் ஒரு நோட்டில் ஏறியாக வேண்டும். தலையில் இருப்பது ஏட்டுக்கு வந்துவிடும். இதற்கு உதவி ஆள் ஒருவர் சம்பளம் கூடுதலாகும். ஒரு பருவத்துப் பாக்கி வசூலாகாமல் நிற்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். விடுமுறை நாளை மேனேஜரே தேர்ந்தெடுக்கட்டும். 11, 20 தேதிகளுக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.