ஈயில் கண்ட உண்மை நோயாளிக்கு எப்போது மருந்தாகும்?

'பூச்சியில் புதிய மருந்து வெற்றி' என்னும் செய்தித்துணுக்கைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருத்துவரைக் காண வருவோர் உண்டு. 'இதை எங்கள் தந்தைக்குத் தரலாமா?' என்று அவர்கள் ஆவலோடு கேட்கின்றனர். 'ஈக்கும் மனிதர் நோய்க்கும் என்ன தொடர்பு?' என்று ஐயுறுவோரும் உண்டு. இவ்விரு வினாக்களுக்கும் இங்கே விடை கூற முயல்கிறோம்.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிறு பூச்சியே பழ ஈ. இதன் அறிவியற்பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இதனை ஒரு சிறு குப்பியில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், இட்ட முட்டை சுமார் 10 நாட்களில் முழு ஈயாகிவிடும். மனிதரில் பல பத்தாண்டுகள் காத்திருந்து காண வேண்டிய மூன்று தலைமுறைகளை ஈயில் ஒன்றரை மாதத்திற்குள் கண்டுவிடலாம். இதனாலேயே, 1910ஆம் ஆண்டு முதல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் இந்த ஈக்களைக் கொண்டு, மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பதை நிறுவ முடிந்தது. 1933இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஈக்கும் நமக்கும் உருவில் ஒற்றுமை இல்லை. எனினும், மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கிற்கு இணையானவை ஈயிலும் உள்ளன. இந்த உறவின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம்.

கருவில் உடல் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை அறிய, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் மரபணுக் குறையுடைய ஈக்களை ஆராய்ந்தனர். ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதுபட்டபோது, ஈயின் புழு முட்கள் நெருங்கிய குறுகிய உடலோடு காணப்பட்டது. அதனால் அம்மரபணுவிற்கு 'முள்ளெலி' எனப் பொருள்படும் 'ஹெட்ஜ்ஹாக்' என்று பெயரிட்டனர். இம்முடிவுகள் 1980இல் வெளிவந்தன. அன்று அதில் எந்த நோயின் பெயரும் இல்லை.

பின்னர், மனிதக் கரு வளர்வதற்கும் இதே வகை மரபணுக்கள் வேண்டும் என்பது தெரியவந்தது. இவை பிறப்பிக்கும் வளர்ச்சிக் கட்டளைக்கு, வண்டியின் பிரேக் போன்ற ஒரு தடையும் உடலில் உண்டு. பேசல் செல் புற்றுநோய் எனப்படும் தோல் புற்றுநோயில் பெரும்பாலும் அந்தத் தடை பழுதுபட்டிருப்பதை 1996இல் கண்டறிந்தனர். தடை நீங்கியதால் செல்கள் ஓயாது பெருகுகின்றன. இந்தக் கட்டளையை இடைமறிக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்திற்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அறுவைச் சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ தீர்க்க இயலாதவாறு முற்றிய நிலைக்கு உரிய மருந்து அது.

கருவை உருவாக்கும் கட்டளையையே இம்மருந்து தடுப்பதால், அது கருவிலுள்ள குழந்தைக்குக் கடுந்தீங்கு விளைவிக்கும். ஆகவே கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது. சிகிச்சை பெறும் ஆண், பெண் இருபாலரும் கருத்தடை முறைகளைத் தவறாது கடைப்பிடித்தல் வேண்டும். தசைப்பிடிப்பு, சுவையுணர்வு குன்றுதல், முடி உதிர்தல் ஆகியனவும் ஏற்படக்கூடும்.

ஈயில் தொடங்கிய அறிவு நோயாளியின் கைக்கு மருந்தாக வந்து சேர 32 ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இடையில் விலங்குகளிலும், பின்னர் மனிதர்களிலும் படிப்படியாகச் சோதனைகள் நடைபெற்றன. ஈக்கு நன்மை செய்த எத்தனையோ பொருள்கள் இப்படிகளைக் கடவாமலே நின்றுவிடுகின்றன. ஈயின் உடலமைப்பு எளியது. நம்முடைய கல்லீரல், சிறுநீரகம், உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை அது முழுமையாகப் பிரதிபலிக்க இயலாது.

ஆகவே, இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆய்வு எந்த உயிரில் நடந்தது? மனிதர்களில் சோதித்தார்களா? எங்கள் நோயின் வகைக்கும் நிலைக்கும் அது பொருந்துமா? விடை தெரியாவிடில், அச்செய்தியைத் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவ்வாறு கேட்பதை நாங்கள் ஒருபோதும் தொந்தரவாகக் கருதுவதில்லை. ஆனால், அச்செய்தியை நம்பி, உட்கொண்டுவரும் மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ புதியதொன்றைத் தொடங்கவோ வேண்டாம். ஈயின் ஆய்வு தருவது நாளைய மருத்துவத்திற்கான நம்பிக்கை. இன்றைய நலத்திற்குத் துணை, உங்களுக்கென வகுக்கப்பட்ட சிகிச்சையே.