பிடித்த சிறுத்தையை எங்கே விடுவது?

‘எங்கள் எஸ்டேட்டில் பிடித்த சிறுத்தையை அடர்ந்த காட்டில் விட்டுவிட்டார்கள். இனிப் பயமில்லைதானே?’ என்று வால்பாறை வாசகர் ஒருவர் கேட்கிறார். பயம் கூடவும் வாய்ப்புண்டு. அந்த அடர்ந்த காடு காலி மனை அல்ல.

வளர்ந்த சிறுத்தை ஒவ்வொன்றும் தன் எல்லையை வாடையால் எழுதி வைக்கிறது. மரத்தடியில் சிறுநீரைப் பீய்ச்சும். பின்னங்காலால் மண்ணைப் பறண்டும். பட்டையில் நகத்தால் கீறும். இங்கே இருப்பது ஆணா பெண்ணா, எப்போது வந்துபோனது என்பதை அடுத்து வரும் சிறுத்தை மோந்தே அறிந்துகொண்டு விலகிப்போகும். பெரும்பாலும் சண்டையே மூளாது. வாடை நாளடைவில் மங்கிவிடும் என்பதுதான் இதன் நுட்பம். திரும்பத் திரும்ப வந்து புதுப்பிக்கிறவருக்கே எல்லை.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் இது. துண்டுக்காரரை வழியில் இறக்கிவிட்டால், நின்றுகொண்டிருந்த இளவட்டம் அந்த சீட்டில் உட்கார்ந்துவிடும். அதற்கு அந்த ரூட்டும் பழக்கமில்லை, சக பயணிகளும் பழக்கமில்லை. இறங்கியவர் ஏறும் அடுத்த பஸ்ஸிலோ எல்லா சீட்டிலும் துண்டு. படியில் தொங்கி, இடிபட்டு, கடைசியில் சொந்த ஊரைப் பார்த்து நடையைக் கட்டுவார்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் சிறுத்தைகளை இப்படி இடம் மாற்றிப் பார்த்தார்கள். காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வுப்படி, 29 சிறுத்தைகளைப் பிடித்து, சராசரியாக 40 கி.மீ. தள்ளி விட்டார்கள். ஆண்டுக்கு 4 ஆக இருந்த தாக்குதல்கள் 2001-03இல் 17 ஆயின. பின்னர் 2009இல் ஜி.பி.எஸ். பட்டை கட்டி மால்ஷேஜ் மலையில் விடப்பட்ட ‘ஆஜோபா’ என்ற சிறுத்தை, சுமார் 120 கி.மீ. நடந்து மும்பைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. யானையும் அப்படித்தான்: 2023இல் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட அரிக்கொம்பன், ஒரு மாதத்தில் கம்பம் நகருக்குள் வந்துநின்றது.

கூண்டுக் கதவு திறக்கும் வீடியோவைப் பார்த்துக் கைதட்டுவதில் பயனில்லை. சிறுத்தை வருவதைக் கேமராவும் செயலியும் எச்சரிக்கும். ஆனால், அதை ஈர்க்கும் தீனியை அவை அகற்றா. இறைச்சிக் கழிவை வெளியில் கொட்டாமலிருப்பது, தெருநாய்ப் பெருக்கத்தைத் தடுப்பது, ஆட்டுப்பட்டியை இரவில் நன்றாக அடைப்பது, தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு விளக்கும் கழிப்பறையும் தருவது, அந்திக்குப் பின் குழந்தைகளைத் தனியே வெளியில் விடாதிருப்பது ஆகியவைதான் உயிரைக் காக்கும். மனிதரைத் தாக்கிய சிறுத்தையின் கதை வேறு. தன் பாட்டுக்கு வந்துபோகும் சிறுத்தையை அதன் எல்லையிலேயே விட்டுவைப்பதுதான், வாசகரே, உங்கள் எஸ்டேட்டுக்கும் பாதுகாப்பு.