இடுப்பு முறிவும் எலும்புக் கட்டியும்: எதில் அவசரம், எதில் நிதானம்?



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களை முதலில் படிப்பவன் நான். சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் வந்த இரண்டு மனுக்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த 74 வயது நன்னிக்காக அவருடைய பேரன் கொண்டுவந்தது. மற்றொன்று, முழங்காலுக்கு மேலே வீங்கியிருந்த 16 வயது மாணவனுக்காக அவனுடைய அத்தா கொண்டுவந்தது. இரண்டிலும் காரணம் என்ற இடத்தில் "எலும்பு ஆபரேஷன்" என்றே எழுதியிருந்தது.

நன்னியின் வீட்டில், சவூதியில் இருக்கும் மகன் வரட்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தார்கள். பையனின் வீட்டில் முதலில் எண்ணெய்க் கட்டு. அப்புறம் வீக்கம் பெருகியதும் பதறிப்போய், பக்கத்தில் கிடைத்த இடத்தில் கட்டியைக் கீறச் சொல்லிவிட்டார்கள். நன்னிக்கு அவசரப்பட்டிருக்க வேண்டும். பையன் விஷயத்தில் கத்தி வைக்குமுன் நிதானித்திருக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் தலைகீழாக நடந்துவிட்டது.

நான் மருத்துவன் அல்ல. மனுக்களோடு வரும் காகிதங்களைப் புரிந்துகொள்ள எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எந்த ஆபரேஷன் என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். அவர் சொல்வது புரிந்தால் வீட்டில் முடிவெடுக்க நாள் ஆகாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது உண்மையில் தொடை எலும்பின் மேல்முனை முறிவு. அங்கே பந்து போல ஒரு தலை இருக்கிறது. அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. கழுத்துக்குக் கீழே எலும்பு அகன்று தொடைத் தண்டாக இறங்குகிறது. உடைந்தது கழுத்திலா, கழுத்துக்குக் கீழேயா என்பதுதான் முதல் கேள்வி. எக்ஸ்ரே பார்த்ததும் மருத்துவர் இதைச் சொல்லிவிடுவார்.

கழுத்தில் உடைந்தால் சிக்கல் வேறு. பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. எலும்பு விலகினால் குழாய்களும் அறுபடும். ரத்தம் இல்லாமல் பந்து மெல்லச் செத்துப்போகும். அதனால்தான் வயதானவருக்குக் கழுத்து முறிந்து விலகியிருந்தால், அதை ஒட்டவைக்கப் பார்க்காமல் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். இளவயதுக்காரர் என்றால் ஸ்குரூ போட்டு அவருடைய சொந்தப் பந்தைக் காப்பாற்றவே முயல்வார்கள். செயற்கைப் பந்து நாளடைவில் தேயும். 35 வயதுக்காரருக்கு இன்னும் நெடுங்காலம் தேவைப்படுமே.

பந்தை மாற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. பந்தை மட்டும் மாற்றுவது அரை மாற்று. பந்தோடு அது உட்காரும் கிண்ணத்தையும் மாற்றுவது முழு மாற்று. "முழுசா மாத்தினாத்தானே பாய் நல்லது? கடன் வாங்கியாவது செஞ்சிடறோம்" என்று ஒரு மகன் என்னிடம் கேட்டார். அப்படி இல்லை. 2019ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 10 நாடுகளைச் சேர்ந்த 1,495 பேரை இரு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேர்தான். முழு மாற்றுச் செய்தவர்களின் நடமாட்டம் சற்றே கூடுதல். பந்து கழன்றுகொள்வது போன்ற தொல்லைகளும் அவர்களுக்குச் சற்றுக் கூடுதல். முறிவதற்கு முன் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தவருக்கு முழு மாற்றை மருத்துவர் யோசிப்பார். வீட்டுக்குள்ளேயே கைத்தடியோடு நடந்தவருக்கு அரை மாற்றே போதும். அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

உலோகத் தண்டைச் சிமெண்ட் வைத்துப் பொருத்துவதா, இல்லாமலா என்பதும் சிலர் கேட்பது. சிமெண்ட் வைத்தவர்களுக்கு வாழ்க்கைத் தரம் சற்று மேலாகவும், தண்டைச் சுற்றி மீண்டும் முறிவது குறைவாகவும் இருந்ததாக 2022ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு சொல்கிறது. சிமெண்ட் வைக்கும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். அதனால் இருதய நோய் இருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கழுத்துக்குக் கீழே உடைந்தால் கதை எளிது. அங்கே ரத்த ஓட்டம் தாராளம், எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்வரை பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிப்பக்கம் பிளேட் வைத்து, பந்துக்குள் பெரிய ஸ்குரூ செலுத்துவது ஒரு முறை. இதை டிஎச்எஸ் என்பார்கள். எலும்பின் உள்ளே தண்டு போன்ற ஆணியை இறக்குவது மற்றொன்று. பிஎஃப்என் என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். ஆணிதான் புதுமை, பிளேட் பழசு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. முறிவு இரண்டு துண்டாக நிலையாக இருந்தால் இரண்டும் நல்ல பலன் தருகின்றன. பிளேட்டுக்குச் செலவு குறைவு. பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ, முறிவுக்கோடு இன்னும் கீழே தொடைத் தண்டுக்கு இறங்கியிருந்தாலோ ஆணியே தாங்கும்.

இந்த வகைகளை எல்லாம்விடப் பெரியது நாள் கணக்கு. முதியவரைப் படுக்கையில் போட்டுவைத்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், கால் நரம்பில் ரத்தம் உறையும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவரோ அதற்கும் மேலோ ஓர் ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் கணக்கு. மருத்துவமனைக்கு வந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் என்பது பிரிட்டனில் வகுத்திருக்கும் விதி. அதையும் தாண்டி, ஆறு மணி நேரத்துக்குள் செய்தால் என்ன என்று 17 நாடுகளில் 2,970 பேரை வைத்துப் பார்த்து 2020ல் முடிவு சொன்னார்கள். இறப்பு குறையவில்லை, ஆனால் புத்தி தடுமாறிப் பிதற்றுவது குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஆக, நள்ளிரவில் மருத்துவரோடு சண்டை போட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போட உள்ளூரில் இருக்கும் மகளோ மருமகனோ போதும். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை போன்றவற்றின் சீட்டுகளை முதல் நாளே கொடுத்துவிட்டால் பாதித் தாமதம் குறையும்.

நன்னி பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். முதுகுப் புண் ஆறத்தான் நான்கு மாதமானது.

ஆபரேஷனுக்குத் தயங்கும் பெரியவர்கள் பலர் காசை நினைத்துத் தயங்குவதில்லை. "இனிமே தரையில உக்காந்து தொழ முடியாதாமே" என்பதுதான் அவர்கள் கவலை. உண்மைதான்: பந்து மாற்றியவர்கள், குறிப்பாக முதல் சில மாதங்கள், சம்மணமிடுவதும் குந்துவதும் கூடாது, பந்து கழன்றுகொள்ளும். நாற்காலியில் அமர்ந்து தொழலாம், மேல்நாட்டுக் கழிப்பறை வேண்டும். முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் உட்காரவே முடியாமல் படுத்தபடிதான் தொழ வேண்டியிருக்கும் என்பதை வீட்டார் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி பையன் விஷயம்.

பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள், முழங்காலைச் சுற்றி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால், "கிரிக்கெட்டில் அடிபட்டது" என்று விட்டுவிடக் கூடாது. எலும்புப் புற்றில் அந்த வயதில் அதிகம் வருவது ஆஸ்டியோசார்கோமா. அது பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயோ கீழேயோதான் வரும். ஓர் எக்ஸ்ரே எடுத்தாலே சந்தேகம் தெரியும். கட்டுப் போட்டுத் தேய்ப்பதால் நாளும் போகும், கட்டியும் கலைந்துவிடக் கூடும். எல்லாக் கட்டியும் புற்று என்று பயப்படவும் வேண்டாம். 20 முதல் 40 வயதில் வரும் ஜெயன்ட் செல் கட்டி பெரும்பாலும் புற்று அல்ல. பலருக்கு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியைச் சிமெண்டால் நிரப்புகிறார்கள். மீண்டும் வளர வாய்ப்பு உண்டு என்பதால் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் என்றால் அடுத்தது எம்ஆர்ஐ, பிறகு பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. நம் வீட்டார் தவறுவது இந்த இடத்தில்தான். பயாப்சி ஊசி போன வழியிலும் புற்றுச் செல்கள் படியும். பெரிய ஆபரேஷனில் அந்த வழியையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். அதனால் பெரிய ஆபரேஷன் செய்யப்போகும் அதே குழுவே, எங்கே குத்துவது என்று பார்த்துப் பயாப்சி செய்ய வேண்டும். அந்தப் பையனுக்குக் குறுக்கே நீளமாகக் கீறிவிட்டார்கள். ரத்தம் கசிந்து தொடை முழுவதும் பரவியிருந்தது. புற்று மையத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது காலைக் காப்பாற்ற வழியில்லை. கீறியவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அது அவர் செய்யும் வேலை இல்லை.

1970களுக்கு முன் இந்த நோய்க்குக் காலை எடுப்பது மட்டுமே வைத்தியம். எடுத்த பிறகும் ஐந்தில் ஒருவர் அளவில்தான் பிழைத்தார்கள். கீமோதெரபி வந்த பிறகு, வேறு இடத்துக்குப் பரவாத நிலையில் வந்தவர்களில் நல்ல மையங்களில் மூன்றில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். முதலில் இரண்டு மூன்று மாதம் மருந்து, பிறகு ஆபரேஷன், பிறகு மீண்டும் மருந்து. கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சுத்தமாக எடுக்க முடிந்தால், காலைக் காப்பாற்றினாலும் எடுத்தாலும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் இப்போது பெரும்பாலோருக்குக் காலைக் காப்பாற்றுகிறார்கள்.

வெட்டி எடுத்த எலும்பின் இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் முறைகள் மாறுகின்றன. மெகா புரோஸ்தீசிஸ் என்னும் பெரிய உலோக மூட்டு ஒன்று. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், உள்நாட்டிலேயே நோயாளியின் அளவுக்குச் செய்த மூட்டுகளைப் பல ஆண்டுகள் பொருத்தி வழிகாட்டியவர். இதன் நன்மை, சில நாட்களில் நடக்கத் தொடங்கலாம். குறை, தேய்மானமும் தொற்றும். 604 பேரைத் தொடர்ந்து 2022ல் வெளியான ஓர் ஆய்வில், நோய்க்கிருமிக் கொல்லி மருந்தை ஒரு நாள் கொடுத்தாலும் ஐந்து நாள் கொடுத்தாலும் ஓராண்டுக்குள் நூற்றுக்குப் பதினைந்து முதல் பதினேழு பேருக்குத் தொற்று வந்தது. பல் வலியோ காய்ச்சலோ வந்தால், மூட்டு வைத்த பிள்ளையை உடனே காட்டச் சொல்வது இதனால்தான்.

வெட்டிய எலும்பிலிருந்து கட்டியை நீக்கி, அதற்கு வெளியே வைத்துக் கதிர்வீச்சுக் கொடுத்து அதே எலும்பைத் திரும்பப் பொருத்துவது இன்னொரு முறை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள். ஜப்பானில் கனசாவா நகரத்து மருத்துவர்கள் திரவ நைட்ரஜனில் உறையவைத்துத் திரும்ப வைக்கிறார்கள். சொந்த எலும்பு, செலவு குறைவு. ஆனால் ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கணுக்காலையே திருப்பி முழங்காலாக வைக்கும் ஒரு முறையும் இருக்கிறது. பார்க்க விசித்திரமாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஓடி விளையாடுகிறார்கள்.

காலை எடுத்தால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. நம் பையன் இப்போது செயற்கைக் காலோடு பிளஸ் டூ போகிறான். அவனைப் பார்த்ததும் "பாவம்" என்று சொல்வதை மஹல்லாவாசிகள் நிறுத்தினால் அவனுக்கு அதுவே பேருதவி.

இந்த இரண்டு விஷயமும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. மூன்றாவதாக ஒரு பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், நாற்காலியிலிருந்து எழுந்தபோதே தொடை எலும்பு முறிந்தது. ஆணி போட்டார்கள். சில மாதத்தில் ஆணியே உடைந்தது. எலும்பு ஒட்டவே இல்லை. ஆறு ஆண்டுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்று ஆபரேஷன் நடந்திருந்தது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால் வீட்டார் அதை மருத்துவரிடம்கூட மறைத்துவிட்டார்கள். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்று எலும்புக்கு வரக்கூடியது. விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாரா? முறிவதற்கு முன்பே அங்கே வலி இருந்ததா? இதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். பரவிய புற்று என்று தெரிந்தால் எலும்பு ஒட்டும் என்று நம்பாமல் அதற்கேற்ற உறுதியான உலோகம் வைப்பார்கள். பிறகு கதிர்வீச்சும் கொடுப்பார்கள். எலும்பிலேயே தோன்றிய புற்றாக இருந்து, தெரியாமல் ஆணி இறக்கினால் தொடை முழுக்க அதைப் பரப்பியதாகிவிடும். இந்தச் சந்தேகம் உள்ள முறிவில் மட்டும், இரண்டு மூன்று நாள் சோதனைக்குப் போனாலும் பரவாயில்லை.

செலவைப் பற்றி: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. முழங்கால் மாற்று மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017ல் விலை வரம்பு வைத்தபோது எலும்புப் புற்றுக்கான சிறப்பு மூட்டையும் சேர்த்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகப் போட்டுக் கேளுங்கள்.

மனுவோடு எக்ஸ்ரே படத்தின் நகல், மருத்துவர் எழுதிய ஆபரேஷன் பெயர், மதிப்பீட்டுச் சீட்டு மூன்றும் வேண்டும். இடுப்பு முறிவு மனுவுக்குக் கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டாம். அஸருக்குப் பிறகு அலுவலகம் வந்தால் அன்றே முடிந்ததைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். அறக்கட்டளையில் வாக்கர் மூன்றும், கழிப்பறை நாற்காலி ஒன்றும் இரவலுக்கு உண்டு. நாற்காலியை ரமளானுக்கு முன் வாங்கிப்போன வீட்டார், தேவை முடிந்திருந்தால் திருப்பித் தரவும். இரண்டு பேர் கேட்டுக் காத்திருக்கிறார்கள்.