நேராக வரைந்த காலம்

மைசூரில் 1921-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண். பம்பாய்க்குப் போய் 1951 முதல் நாள்தோறும் அவர் ஒரு மனிதரை வரைந்தார். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடி, வழுக்கைக்குப் பின்னால் பறக்கும் நாலு முடி. அந்த மனிதர் வாயே திறக்க மாட்டார். அமைச்சர் மேடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவர் வாய் திறக்கவில்லையே தவிர, லட்சுமணின் தூரிகை யாரையும் விடவில்லை. நேருவைத் தொப்பி இல்லாமல் வழுக்கையோடு காட்டினார். இந்திராவின் மூக்கை நீட்டினார். 1962 சீனப் போரின்போது நேருவைக் கிண்டல் செய்து போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நேருவே தொலைபேசியில் அழைத்து, அதைப் பெரிதாக்கிக் கையெழுத்திட்டுத் தரமுடியுமா என்று கேட்டதாக லட்சுமண் பின்னாளில் சொன்னதுண்டு. போரில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பிரதமர்! இன்றைக்கு நினைத்தால் வேறு நாட்டுக் கதைபோல இருக்கிறது.

இந்த நேரடித்தன்மையைத்தான் நான் சுதந்திரத்தின் அடையாளமாகப் பார்க்கிறேன். ஆளும் ஒருவரை அவர் மூக்கோடும் முழியோடும், பெயர் சொல்லி வரைய முடிகிறவரை ஓவியனுக்குக் குறியீடு தேவைப்படுவதில்லை. குறியீடுகளை நாம் மெச்சுகிறோம். ஆனால் பெரும்பாலும் அவை நெருக்கடியில் பிறந்த குழந்தைகள்.

1975 ஜூனில் அந்த நெருக்கடி நமக்கே அவசரநிலையாக வந்தது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டது. கார்ட்டூனுக்கென்றே நடந்துவந்த சங்கர்ஸ் வீக்லி இரண்டே மாதத்தில் கடையை மூடியது. தமிழ்நாட்டில் நடந்ததுதான் எனக்கு எப்போதும் வியப்பு. 1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அச்சிட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைக்குத் திமுக நாளேடான முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா சதுக்கத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் யார் யார் என்று. தணிக்கை அதிகாரி கண்ணுக்கு அது ஓர் அஞ்சலிச் செய்தி. தொண்டன் வீட்டுத் திண்ணையில் அது கைதிகளின் பட்டியல். தன் அண்ணன் பெயரோ மாவட்டச் செயலாளர் பெயரோ அதில் இருந்தால் விஷயம் விளங்கிவிடும். அந்த வரிகளைப் படிக்க வாசகனுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை; பயம் போதுமானதாக இருந்தது.

நமக்கு இருபத்தோரு மாதம் நீடித்தது அது. சீனக் கலைஞர்களுக்கு அதுவே வாழ்நாள். மாவோ காலத்துச் சுவரொட்டிகளில் தலைவர் சூரியன், மக்கள் அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்திகள். 2010-இல் ஐ வெய்வெய் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத் தரையில் பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார், ஏறக்குறைய பத்துக் கோடி. சிங்தெஜென் என்ற பீங்கான் நகரத்துக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றையும் கையால் கோடிட்டிருந்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறக் குவியல். கையில் எடுத்தால் ஒரு விதையைப்போல இன்னொன்று இல்லை. தலைவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஐ வெய்வெய்யை 81 நாள் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கைதுக்கு வேறு காரணங்கள் சொன்னார்கள்.

2022 நவம்பரில் ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் இளைஞர்கள் அரசை எதிர்த்து வெறும் வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். குறியீட்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். சீனக் கலைஞர்களான காவோ சகோதரர்கள் 2009-இல் மாவோ மண்டியிட்டு வருந்துவதுபோல் ஒரு சிலை செய்தார்கள். தியாகிகளை இழிவுபடுத்துவது குற்றம் என்ற சட்டப்பிரிவு அங்கே வந்ததே 2021-இல். மூத்தவர் காவோ ஜென் கைதானது 2024-இல். பழைய சிலைக்குப் புதுச் சட்டம்.

சீனாவையும் நம்மையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இங்கே வழக்காட இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் எப்படிச் சுருங்கி வருகிறது என்பதற்கு விகடன் இதழ் ஒன்றே போதும். 1987-இல் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அநியாயம்தான். ஆனால் தண்டித்தது யார், எந்த நாளில், எந்தக் குற்றத்துக்கு என்பது ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்பு வெடித்து, சில நாளில் அவர் வெளியே வந்தார். அந்தக் கைது சட்டவிரோதம் என்று 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆயிரம் ரூபாய் இழப்பீடும் விதித்தது.

2025 பிப்ரவரியில் அப்படி யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் அனுப்பியது. டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் இணைய இதழின் அட்டையில் ஒரு படம் வந்தது. பிப்ரவரி 15 மாலை பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. அரசிடமிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை என்றது விகடன். ஒரு படத்துக்காக அந்தத் தளத்தில் இருந்த அத்தனை செய்திகளும் கட்டுரைகளும் சேர்ந்தே மறைந்தன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்கம் நடந்ததாகப் பிறகு தெரிந்தது. அந்த நடைமுறை ரகசியமானது. யார் என்ன வாதம் வைத்தார்கள் என்று வாசகனுக்குத் தெரிய வழியில்லை. 1976-இல் தணிக்கை அதிகாரி என்று ஓர் ஆள் இருந்தார், அவரை ஏமாற்றலாம். திறக்காத திரையை எந்தப் பட்டியலால் ஏமாற்றுவது?

இத்தனைக்கும் அந்த அட்டைப்படம் லட்சுமண் வழியில் வந்தது. முகம் தெரியும், பெயர் தெரியும், சொல்ல வந்தது குழந்தைக்கும் புரியும். அதுதான் பொறுக்கவில்லை. மார்ச் 6 அன்று உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது, ஒரு நிபந்தனையோடு: வழக்கு முடியும்வரை அந்தப் படத்தை விகடன் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும். படம் இறங்கினால்தான் தளம் திறக்கும் என்ற அந்த ஏற்பாட்டை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.