முப்பதாம் நாளும் நரசிங்கப் பெருமாளும்

மதுரையிலிருந்து மேலூருக்குப் போகும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒத்தக்கடையை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போன்ற ஒரு பெரும் பாறை மலை தூரத்திலேயே கண்ணில் படும். அதுதான் ஆனைமலை. அதன் அடிவாரத்தில் நரசிங்கம் என்னும் சிற்றூரில், மலையைக் குடைந்தெடுத்த கோயிலில் யோக நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மாலை மயங்கும் பிரதோஷ வேளையில் அங்கே கூட்டம் அதிகம். அந்தக் கூட்டத்தில் பேரக் குழந்தைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் பாட்டிமார்களையும் தாத்தாமார்களையும் காணாத நாள் அபூர்வம்.

இந்தக் கோயிலின் வரலாற்றிலே வைத்தியத்துக்கும் தெய்வத்துக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனுக்கு உத்தரமந்திரியாயிருந்த மாறன் காரி என்பவன் கி.பி. 770-ம் ஆண்டில் இக்குடைவரையை அமைத்தான். அவனை வைத்தியன் என்றே கல்வெட்டுக் கூறுகிறது. ஆனால் குடமுழுக்கு நடப்பதற்கு முன்பே அவன் காலமாகிவிட்டான். பிறகு மந்திரி பதவியை அடைந்த அவனுடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டி, நீர் தெளித்து, தமையன் தொடங்கிய பணியை நிறைவேற்றினான். ஒருவன் தொடங்கியதை அவன் குடும்பத்தான் முடித்துவைத்தான் என்பதற்குக் கல்லே சாட்சி சொல்லும் இடம் இது.

சீக்கிரம் வந்த விருந்தாளி

நாம் இங்கே சொல்லப் போவது குறைமாதக் குழந்தைகளைப் பற்றி. நம் நாட்டில் 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்தன என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஒரு தலைமுறைக்கு முன்பு இவற்றுள் பல பிழைத்திரா. இன்று கண்ணாடிப் பெட்டியும், பிராணவாயுவும், தாதிமார்களின் கண்விழிப்பும் அவற்றைக் காப்பாற்றிவிடுகின்றன.

ஆனால் உயிர் பிழைத்தபின் மற்றொரு கண்டம் காத்திருக்கிறது. அது கண்ணில். விழியின் பின்புறம் விழித்திரை என்று ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நடுவிலிருந்து கிளம்பி மெல்ல மெல்ல ஓரம் நோக்கி வளர்கின்றன. பத்து மாதம் நிறையும் சமயத்தில்தான் அவை ஓரத்தைப் போய்ச் சேரும். குழந்தை முன்னதாகப் பிறந்துவிட்டால் அவ்வளர்ச்சி பாதியில் நிற்கிறது. பிறகு தாறுமாறான புதுக்குழாய்கள் முளைத்து, விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடக்கூடும். அப்படிப் பிய்ந்துபோனால் பார்வையை மீட்பது மிகவும் அரிது.

இந்த நோயை 1942-ம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டெர்ரி என்ற வைத்தியர் முதன்முதலாக விவரித்தார். அக்காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதனால் குருடாயின. 1951-ல் ஆஸ்திரேலியாவில் கேட் கேம்பெல் என்ற மாது, குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட பிராணவாயுவே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று எடுத்துக் காட்டினார். உயிரைக் காத்த வாயுவே அளவு மீறினால் கண்ணைக் கெடுக்கிறது! அது முதல் வைத்தியர்கள் அதை அளந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், உரிய காலத்தில் கண்டுபிடித்தால் லேசர் ஒளியினாலோ, கண்ணுக்குள் செலுத்தும் மருந்தினாலோ பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். 34 வாரத்துக்குள் பிறந்த குழந்தைக்கும், பிறக்கும்போது இரண்டு கிலோவுக்குக் குறைவாயிருந்த குழந்தைக்கும், பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்துவிட வேண்டும் என்பது இந்திய வைத்தியர்கள் வகுத்திருக்கும் விதி. மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். வெளிப்பார்வைக்குக் குழந்தையின் கண் அழகாகவே இருக்கும். ஆகையால் பெற்றோருக்குச் சந்தேகமே தோன்றாது.

இரண்டு பாட்டிமார்கள்

இந்த முப்பது நாள் என்ற கணக்கில்தான் நம் குடும்பங்களில் சங்கடம் முளைக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் முப்பது நாள் கழியும்வரை குழந்தையை வாசல் தாண்டவிடக் கூடாது என்பது பல வீடுகளில் வழிவழியாக வரும் கட்டுப்பாடு. அதை மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. காற்றும் தூசியும் வெளியார் கைகளும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்பதை அனுபவத்தால் கண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. ஆனால் அவர்கள் காலத்தில் ஒன்றரைக் கிலோக் குழந்தைகளுள் பல பிழைத்ததில்லை.

ஒத்தக்கடையில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. முப்பத்திரண்டாவது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை ஒன்றரைக் கிலோ. இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்தது. இருபத்தேழாம் நாள் கண் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

குழந்தையின் அப்பத்தா பிடிவாதமாக மறுத்தார். "இன்னும் மூணு நாள்தானே சம்பந்தி? முப்பது கழியட்டும். கண்ணு நல்லாத்தானே இருக்கு. வெளக்கைப் பாத்தா முழிக்குதே! கோழிக் குஞ்சாட்டம் இருக்கிற பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போறதா?" என்றார். அவர் கல் நெஞ்சுக்காரர் அல்லர். குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாட்களில் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தவர் அவரே. பயத்தினால்தான் மறுத்தார்.

குழந்தையின் தாயார் அழுதாள். தகப்பனார் பேசாமல் நின்றார். அம்மாச்சிதான் கடைசியில் பதில் சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். பிரதோஷந்தோறும் நரசிங்கத்துக்குப் போய் வருகிறவர்.

"சம்பந்தி, நம்ம பெருமாள் தூணைப் பிளந்துக்கிட்டு வந்தாரே, நாள் நட்சத்திரம் பாத்தா வந்தாரு? பிள்ளைக்கு ஆபத்துன்னதும் அந்தி நேரத்துல வந்தாரு. வந்து எங்கே உக்காந்தாரு? வாசப்படியிலதானே! அந்த வாசப்படியைத் தாண்டிப் போனா நம்ம பிள்ளையை அவரு கைவிட்டுருவாரா?"

அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று திருநீறு எடுத்துவந்து குழந்தையின் நெற்றியில் இட்டு, "நானும் வாரேன்" என்றார். இருபத்தேழாம் நாள் காலையில் இரண்டு பாட்டிமார்களும் மதுரைக்குப் புறப்பட்டார்கள்.

பரிசோதனையில் நோய் தொடங்கியிருப்பது தெரிந்தது. மறு வாரம் அது முற்றிவிட்டது. இரண்டு நாளைக்குள் லேசர் சிகிச்சை செய்துவிட்டார்கள். அதன் பின்னும் பல மாதங்கள் பரிசோதனைக்குப் போய்வந்தார்கள். ஒரு தவணையும் தவறவில்லை. நாள்களை நினைவு வைத்திருந்தவர் அப்பத்தாவேதான். அந்தப் பெண் இப்போது சிறிய மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆனைமலையின் துதிக்கை எது, வால் எது என்று கேட்டுத் துளைக்கிறாள்.

காந்தியடிகளின் சோதனை

நம்பிக்கையும் குழந்தையின் நோயும் எதிர்ப்படும் இக்கட்டு எளியவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1902-ம் ஆண்டில் பம்பாயில் காந்தியடிகளின் புதல்வன் மணிலாலுக்கு டைபாய்டு ஜுரம் கண்டது. பையனுக்குப் பத்து வயது. பார்ஸி டாக்டர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தியடிகள் தமது விரதத்தை முன்னிட்டு மறுத்தார். ஆனால் டாக்டரை விலக்கிவிடவில்லை. நாடியையும் மார்பையும் வந்து பார்த்துச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார். ஜுரம் 104 டிகிரிக்கு ஏறிய இரவில் ஈரத் துணியைச் சுற்றிக் கம்பளி போர்த்திவிட்டு, சௌபாத்திக் கடற்கரையில் ராமநாமத்தை ஜபித்தபடி உலாவினார். திரும்பி வந்தபோது வியர்வை கொட்டி ஜுரம் இறங்கத் தொடங்கியிருந்தது.

பையன் பிழைத்தது தெய்வ அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, உணவாலா, சிசுருஷையாலா என்பதை அவரவர் நம்பிக்கைப்படி முடிவு செய்துகொள்ளலாம் என்று அவர் பின்னால் ஒளிக்காமல் எழுதினார். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அக்காலத்தில் அந்த ஜுரத்துக்கு நேரான மருந்து கிடையாது. 1948-ம் ஆண்டில்தான் குளோராம்பெனிகால் என்னும் மருந்து அதற்குப் பயன்படத் தொடங்கியது. ஆகவே அவரிடம் நாம் கற்க வேண்டியது ஈரத் துணியை அன்று. நம்பிக்கையை விடாமலே வைத்தியரையும் வீட்டுக்குள் வைத்திருந்தாரே, அதைத்தான்.

எல்லாப் பிரார்த்தனையும் ஒரே விதமாக முடிவதில்லை. 1929-ல் அவருடைய பேரன் ரஸிக் டில்லியில் நோய்வாய்ப்பட்டு இளவயதிலேயே இறந்தான். காந்தியடிகள் அப்போது சுற்றுப்பயணத்தில் இருந்தார். குழந்தை பிழைத்தால்தான் தெய்வம் உண்டு என்று பேரம் பேசுகிற நம்பிக்கை முதல் அடியிலேயே உடைந்துவிடும். செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, பலனை ஒப்படைக்கும் நம்பிக்கையே துயரத்திலும் நிற்கும்.

மதுரை தந்த வைத்தியர்

மதுரையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1918-ம் ஆண்டில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளவயதிலேயே மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் பதினொரு படுக்கைகளோடு ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதற்கு ஸ்ரீ அரவிந்தரின் பெயரைச் சூட்டினார். அவர் தியானத்தையும் விடவில்லை, சாஸ்திரத்தையும் விடவில்லை. 2006-ல் அவர் மறைந்தார். ஆனால் அரவிந்த் ஆஸ்பத்திரியின் பெயரை இன்று உலகமே அறியும்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டிலுள்ள பாட்டி தாத்தாக்கள் குறைமாதக் குழந்தைக்குச் செய்யக்கூடிய பேருதவிகள் பல. முதலாவது, அணைப்பு. கங்காருவைப்போல் குழந்தையை வெறும் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும் முறையைத் தென் அமெரிக்காவில் பொகோட்டா நகரத்து வைத்தியர்கள் 1978-ல் தொடங்கினார்கள். இந்தியா உள்பட ஐந்து தேசங்களில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பிறந்த உடனேயே இப்படி அணைத்த குழந்தைகளிடையே மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்ததென்று காட்டியது. தாயார் களைத்திருக்கும்போது பாட்டியின் மார்பும் அதே சூட்டைத் தரும்.

இரண்டாவது, செய்யாமலிருப்பது. கண்ணில் தாய்ப்பால் பீச்சுவதும், எண்ணெய் விடுவதும், ஜன்னி கண்டால் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவதும், கோயிலில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதும், கரும்புத் தொட்டில் எடுப்பதும் எவருக்கும் தீங்கு செய்யா. அவற்றைத் தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள். நேர்த்திக் கடனைப் பிள்ளை வளர்ந்தபிறகும் செலுத்தலாம். பெருமாள் காத்திருப்பார். விழித்திரை காத்திராது.

மூன்றாவதாக, ஆஸ்பத்திரியிலிருந்து குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரும்போது, "கண் பரிசோதனை எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்ல மறந்திருந்தாலும் கேளுங்கள். பஞ்சாங்கத்தில் அமாவாசையையும் கார்த்திகையையும் குறித்து வைப்பதுபோல் அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் "போய் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இளையவர்களுக்கு வேறு தடையே இராது.