புற்றரைக்கும் காற்று வேண்டும்

உழவன் தன் நிலத்தைப் போகந்தோறும் உழுகின்றான். களையைப் போக்குவதும் விதைப்புக்கு இடஞ்செய்வதும் மாத்திரம் உழவின் பயனல்ல. இறுகிய மண்ணைப் பிளந்து காற்றை உட்புகுத்துவதும் அதன் பயனேயாகும். பாடசாலை மைதானத்துப் புற்றரையையோ எவரும் உழுவதில்லை. உழுதால் புல் அழிந்துவிடும். ஆனால், நாள்தோறும் நூற்றுக்கணக்கான கால்கள் அதனை மிதிக்கின்றன. மிதிபடுவதுண்டு, உழப்படுவதில்லை என்னும் இந்நிலையே புற்றரையின் குறைகள் பலவற்றுக்கு மூலகாரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது பாடசாலையில் இதனைக் கண்கூடாகக் கண்டேன். கோல் கம்பங்களின் முன்னாற் புல் மஞ்சளித்துத் தேய்ந்தது. நான் உரத்தைக் கூட்டினேன், நீரையும் கூட்டினேன். நீர் மேலே தேங்கி நின்றது. உரம் மழையோடு வாய்க்காலிற் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு உதைபந்தாட்டத்தில் விழுந்த மாணவன் ஒருவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. தரை சீமெந்துபோல் இறுகியிருந்தது. தோட்டத்தைப் பராமரித்த முதியவர் அலவாங்கை ஊன்றிக் காட்டி, “ஐயா, பாருங்கோ, அலவாங்கே இறங்குதில்லை, வேர் எப்படி இறங்கும்?” என்றார். அவ்வினாவுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதியே திண்மப் பொருள். மறுபாதி நுண்ணிய இடைவெளிகள். அவற்றுட் சிலவற்றில் நீரும் சிலவற்றில் வளியும் தங்குகின்றன. இலைகளைப் போலவே வேர்களும் சுவாசிக்கின்றன; ஒட்சிசனை ஏற்றுக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. மிதிபடும்போது முதலில் நசுங்குவன பெரிய இடைவெளிகளே. அவை அடைபட்டால் காற்றும் நீரும் உட்செல்லா. வேர்கள் மேற்பரப்பை அண்டியே தங்கும். கோடை வந்ததும் அப்புல்லே முதலில் வாடும்.

காலடியால் இறுகுவது பெரும்பாலும் மேலுள்ள இரண்டு மூன்று அங்குல மண்ணே. ஆதலால் பரிகாரமும் எளிது. மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு, அதே அளவு இடைவெளி விட்டு, துளைகள் இடவேண்டும். குழாய் வடிவான பற்களையுடைய கருவி மண்ணைச் சிறு உருளைகளாக வெளியே எடுத்துவிடும், அதுவே சிறந்தது. வெறுமனே குத்தும் கூரிய கருவி, களிமண்ணில் துளையின் பக்கங்களை நெருக்கிவிடக்கூடும். எனினும் வேறு வழியில்லாவிடத்து அதுவும் உதவும். வெளிவந்த மண்ணுருளைகளை அகற்ற வேண்டியதில்லை. உலர்ந்தபின் நொறுக்கிப் பரப்பிவிடலாம். அதன்மேல் மணலும் சலித்த கூட்டெருவும் கலந்து மெல்லியதாகத் தூவுக.

காலமறிந்து செய்தல் அவசியம். வரண்ட நிலத்தில் கருவி இறங்காது. சேற்று நிலத்தில் வேலை செய்வோர் காலே மண்ணை மேலும் இறுக்கும். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசியின் முதல் மழைகளுக்குப் பின், கடுமழை பிடிக்குமுன் செய்வது நன்று. அறுகு தழைத்து வளருங் காலத்தில் துளைகள் விரைவில் மூடிக்கொள்ளும். சில வாரங்கள் அவ்விடத்தில் விளையாட்டை நிறுத்துவது நலம்.

மண்புழுக்களும் இப்பணியை ஓயாது செய்கின்றன. சாள்ஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் அவற்றின் தொழிலைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார். ஆயினும் மிக இறுகிய மண்ணில் அவையும் நிலைப்பதரிது.

எங்கள் மைதானம் முதல் மாரியிலேயே சீராகிவிடவில்லை. இரண்டாம் மாரியில் நீர் தேங்குவது குறைந்தது. வெறுந்தரையில் அறுகு படர்ந்தது. மணிக்கட்டு முறிந்த மாணவனும் மீண்டும் அங்கே பந்துதைத்தான். ஆகவே, உரம் வாங்கப் பணம் ஒதுக்குமுன், மழை பெய்த மறுநாள் ஒரு நீண்ட ஆணியை நிலத்தில் அழுத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் குறை வேறெங்கோ உளது. இறங்க மறுத்தால், உங்கள் புற்றரை கேட்பது உரமன்று, காற்றே.